எந்தப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது? கம்பஸ் போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு

உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, ஊரே வாழ்த்தி அனுப்பிய பிள்ளை முதல் செமிஸ்டர் முடிவு வந்ததும் முகம் வாடி நிற்பது முள்ளியவளையிலும் மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் நடக்கிற விஷயம்தான். அந்தப் பிள்ளை படிக்காமல் இருந்ததில்லை. விடிய விடியப் படித்திருக்கும். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரிப் படித்திருக்கும். நோட்ஸை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பது, திரும்ப வாசிப்பது, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் நிறம் அடிப்பது, பரீட்சைக்கு முதல் நாள் இன்னொரு தரம் வாசிப்பது.

உயர்தரத்தில் இது ஓரளவுக்கு எடுபட்டது. அங்கே பரீட்சையின் வடிவம் நாடு முழுக்க ஒன்றுதான். உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் என்றால் முதலாம் பகுதியில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா; இரண்டாம் பகுதியில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் 3 மணித்தியாலம். இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் அதே வடிவத்தில் செய்து செய்து கை பழகிவிடும். கம்பஸில் அப்படி இல்லை. ஒரே செமிஸ்டரில் ஒரு பாடத்துக்கு எம்.சி.கியூ என்ற பல்தேர்வு, இன்னொன்றுக்கு மூன்று மணித்தியாலக் கட்டுரை, வேறொன்றுக்குப் புத்தகம் திறந்து வைத்து எழுதும் பரீட்சை, ஆய்வுகூடத்தில் பொருளைக் கண்டதும் பெயர் எழுதும் ஸ்பொட் டெஸ்ட், கடைசியில் வைவா என்ற வாய்மொழிப் பரீட்சை என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றும் உங்களிடம் வேறொன்றைக் கேட்கிறது.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பரீட்சை மண்டபத்தில் உங்கள் கையும் வாயும் என்ன செய்யப் போகிறதோ, அதையே முன்கூட்டிச் செய்து பழகுங்கள். எழுதப் போகிறீர்களா, எழுதிப் பழகுங்கள். பேசப் போகிறீர்களா, பேசிப் பழகுங்கள். குளக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு நீச்சல் வராது.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. 2006 இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு அமர்விலும் அதை வாசித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் வாசித்துவிட்டு, மற்ற மூன்று அமர்விலும் பந்தியைப் பார்க்காமல் ஞாபகத்தில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முன்னுக்கு நின்றது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்தது. பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கும். அந்த உணர்வை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

முதல் வாரத்திலேயே கேட்க வேண்டியவை

ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் விரிவுரையாளர் ஒரு தாள் தருவார், அல்லது திரையில் காட்டுவார். அதில் தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை சதவீதம், இறுதிப் பரீட்சைக்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அதைப் படம் எடுத்து வட்சப் குழுவில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தத் தாள்தான் உங்கள் முதல் பாடப்புத்தகம். இறுதிப் பரீட்சைக்கு 60, தொடர் மதிப்பீட்டுக்கு 40 என்றால், செமிஸ்டர் நடக்கும்போதே ஐந்தில் இரண்டு பங்கு புள்ளி கைக்கு வந்துவிடும், அல்லது கைவிட்டுப் போய்விடும். "ஒரு குவிஸ்தானே, கடைசியில் பிடிக்கலாம்" என்பது உயர்தரப் பழக்கம். இங்கே கடைசியில் பிடிக்க அவ்வளவு இடம் இல்லை.

வினாத்தாளின் வடிவத்தையும் கேளுங்கள். எத்தனை வினா, எத்தனை கட்டாயம், எவ்வளவு நேரம், பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்களா? சேரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு வருடம் மூத்த அண்ணா, அக்காவிடம் கேளுங்கள். கடந்தகால வினாத்தாள் பெரும்பாலும் நூலகத்தில் கிடைக்கும். அதைக் கடைசி வாரம் வரை பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். பாடம் பாதி முடியும்போதே ஒன்றை எடுத்துப் பாருங்கள். கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் அடுத்த விரிவுரையைக் கேட்கிற காதே மாறிவிடும்.

வரவையும் சேர்த்துக் கவனியுங்கள். பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். புதுக்குடியிருப்பிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகளுக்கு இது உண்மையான பிரச்சினை. காலை முதல் பஸ் தவறினால் ஒரு விரிவுரை போய்விடும். விடுதி கிடைக்க வழி இருந்தால் முதல் வருடத்திலேயே விண்ணப்பியுங்கள்.

பல்தேர்வு வினா

இதைச் சுலபம் என்று நினைப்பவர்கள் அதிகம், ஏனென்றால் விடை தாளிலேயே இருக்கிறது. பக்கத்தில் நான்கு பிழையான விடைகள் சரியான விடை போலவே நிற்கின்றன என்பதுதான் சிக்கல். ஓர் உதாரணம். "நீர் எப்போதும் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும்" என்று ஒரு தெரிவு வருகிறது. 100 என்ற எண்ணைக் கண்டதும் கை அதை நோக்கிப் போகும். ஆனால் "எப்போதும்" என்ற சொல் அதைப் பிழையாக்குகிறது. கொதிநிலை வளியமுக்கத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் 100 பாகை என்றால், 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

ஆகவே எம்.சி.கியூவுக்குப் படிக்கும்போது சரியான விடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மற்ற ஒவ்வொரு தெரிவும் ஏன் பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வினாவை இப்படிச் செய்தால் ஐந்து வினா செய்த பலன் கிடைக்கும்.

பிழைக்குப் புள்ளி கழிக்கும் பரீட்சையில் சின்னக் கணக்கு ஒன்று உதவும். ஐந்து தெரிவு, சரிக்கு 1 புள்ளி, பிழைக்குக் கால் புள்ளி கழிவு என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் இரண்டு தெரிவுகளை நிச்சயமாகப் பிழை என்று ஒதுக்க முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பது சராசரியில் லாபம்தான். கழிவே இல்லாத பரீட்சையில் எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது.

அப்புறம், "முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று ஒரு பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. 2005 இல் ஜஸ்டின் குரூகர் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 1,500 க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களைப் பார்த்தார்கள். பிழையிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவீதம். சரியிலிருந்து பிழைக்கு மாறியவை 25 சதவீதம்தான். காரணம் தெரிந்து மாற்றுவதென்றால் தைரியமாக மாற்றுங்கள்.

கட்டுரை வினா: இங்கேதான் புள்ளி போகிறது

நன்றாகப் படித்த பிள்ளைகள் அதிகம் புள்ளி இழக்கும் இடம் இது. கேள்வியில் ஒரு சொல்லைக் கண்டதும், அதைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். திருத்துபவர் தேடுவது அதையல்ல.

ஒரே விடயத்தில் இரண்டு கேள்விகளை எடுத்துப் பார்ப்போம். முதலாவது: "சிறு குளங்களைப் புனரமைப்பதன் நன்மைகளைப் பட்டியலிடுக." இதற்குச் சிறுபோகத்துக்குத் தண்ணீர், சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் உயர்வது, மாடுகளுக்குக் குடிநீர், நன்னீர் மீன் வளர்ப்பு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் போதும். இரண்டாவது: "வறண்ட வலய விவசாயத்துக்குச் சிறு குளங்களைப் புனரமைப்பது எவ்வளவு பயன் தரும்? ஆராய்க." இதற்கும் அதே பட்டியலை எழுதினால் பாதிப் புள்ளிகூடக் கிடைக்காது. இங்கே உங்கள் தீர்மானத்தைக் கேட்கிறார்கள். நன்மைகளைச் சொல்ல வேண்டும். மறுபக்கமும் சொல்ல வேண்டும். சிறு குளங்கள் ஆழம் குறைந்தவை, ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகம். மேலே நீரேந்து பகுதியில் காடு அழிந்திருந்தால் தூர்வாரிய குளத்தில் மறுபடி வண்டல் படியும். பிறகு, "நீரேந்து பகுதியையும் சேர்த்துப் பாதுகாத்தால்தான் புனரமைப்பு நிலைத்த பயன் தரும்" என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டு விடையிலும் தகவல் ஏறக்குறைய ஒன்றுதான். அடுக்குகிற விதம் வேறு.

இதைப் பழக, ஒரு வினாவுக்கு முழு விடை எழுதத் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் எலும்புக்கூட்டை மட்டும் எழுதுங்கள்: என் முடிவு என்ன, அதற்கு மூன்று காரணம், ஒரு மறுப்பு, ஓர் உதாரணம். ஒரு மாலையில் ஆறு வினாவுக்கு இப்படி எழுதலாம். வாரத்துக்கு ஒன்றை மட்டும் நேரம் பிடித்து முழுதாக எழுதுங்கள், பேனாவால். தட்டச்சுக்கும் தொலைபேசிக்கும் பழகிய விரலுக்கு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து எழுதுவது லேசான வேலை இல்லை.

நேரத்தையும் முதலே பங்கிட வேண்டும். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா என்று வையுங்கள். 180 நிமிடம். வாசித்துத் தெரிவு செய்ய 10, கடைசியில் திருப்பிப் பார்க்க 10. மீதி 160 நிமிடத்தை ஐந்தாகப் பிரித்தால் ஒரு வினாவுக்கு 32 நிமிடம். 32 முடிந்ததும் நான்கு வரி இடம் விட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். தெரிந்த வினாவுக்கு ஐம்பது நிமிடம் எழுதிவிட்டுக் கடைசி வினாவைத் தொடாமல் வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. ஒரு விடையை 14 புள்ளியிலிருந்து 16 ஆக்குவதற்கு அரை மணித்தியாலம் போகும். வெறுமையாக விட்ட வினாவில் முதல் 8 புள்ளியைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

தமிழில் படித்து ஆங்கிலத்தில் எழுதுவது

வன்னியில் இருக்கும் பீடங்கள் பலவற்றில் பாடம் ஆங்கிலத்தில்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அப்படி. முன்பு யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும், பம்பைமடுவில், அப்படித்தான். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. கெட்டிக்காரத்தனம் குறைந்துவிட்டது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை. குறையவில்லை. பழக வேண்டிய வேலை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் விளங்கிக்கொள்வதை விடாதீர்கள். புதிய கோட்பாடு ஒன்றை நண்பருக்குத் தமிழில் விளங்கப்படுத்த முடிந்தால் அது உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. அதன்பின் அதே விளக்கத்தை ஐந்து சிறிய ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. நீண்ட வாக்கியம் எழுதி அழகு காட்டத் தேவையில்லை. தெளிவான சிறு வாக்கியத்துக்குத்தான் புள்ளி வரும்.

கேள்வி கேட்கும் சொற்களைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். டிஃபைன் என்றால் வரைவிலக்கணம் மட்டும். லிஸ்ட் என்றால் பட்டியல். எக்ஸ்பிளெயின் என்றால் எப்படி, ஏன் என்று சொல்ல வேண்டும். கொம்பெயார் என்றால் ஒற்றுமையும் வேற்றுமையும். அட்டவணை போட்டால் நல்லது. டிஸ்கஸ் என்றால் இரண்டு பக்கமும். எவலுவேட் என்றால் கடைசியில் உங்கள் தீர்ப்பும் இருக்க வேண்டும். இந்த ஆறு சொல்லையும் சரியாகப் பிரித்தறியாமல் புள்ளி இழப்பவர்கள் ஏராளம்.

மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் செய்யும் குப்பி வகுப்புகளை இங்கே மறக்கக் கூடாது. விரிவுரையில் ஆங்கிலத்தில் பறந்துபோனது குப்பியில் தமிழில் இறங்கி வரும். போய் இருங்கள். ஆனால் கேட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். ஒரு பகுதியை நீங்கள் எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் அதிகம் ஞாபகம் நிற்கும்.

கணக்குப் பரீட்சை

கணிதம், புள்ளிவிபரவியல், பொறியியல் பாடங்கள், கணக்கீடு எல்லாம் இதில் அடங்கும். செய்து முடித்த கணக்கை வாசிப்பது படிப்பு ஆகாது. விடையை மூடிவிட்டு வெற்றுத் தாளில் முதல் வரியை எழுத முடிகிறதா என்று பாருங்கள். காசுப்பாய்ச்சல் கூற்றை நோட்ஸில் பார்த்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். வெற்றுத் தாளில் தேய்மானத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்ற இடத்தில் கை நிற்கும். கை நிற்கும் இடம்தான் படிக்க வேண்டிய இடம்.

படிமுறைக்குப் புள்ளி உண்டு. கடைசி எண் பிழைத்தாலும் வழி சரியென்றால் பெரும்பகுதி கிடைக்கும். ஆகவே கல்குலேற்றரில் எல்லாவற்றையும் செய்துவிட்டு விடையை மட்டும் எழுத வேண்டாம். அலகை எழுதுங்கள்.

புத்தகம் திறந்து எழுதும் பரீட்சை

புத்தகம் கையில் இருக்கிறதே என்று படிக்காமல் போனால் மூன்று மணித்தியாலமும் பக்கம் புரட்டுவதிலேயே கழியும். இதில் வரும் கேள்விக்கு நேரடி விடை புத்தகத்தில் இருக்காது. புதிய சூழலில் பொருத்திக் காட்டச் சொல்வார்கள். தலைப்பு, பக்க எண், முக்கிய சூத்திரம் எல்லாம் உள்ள ஒரு தாளைச் சொந்தக் கையால் தயாரித்து ஃபைலின் முன்னால் வையுங்கள். அதைத் தயாரிக்கிற வேலையே பாதிப் படிப்பு.

செய்முறையும் ஸ்பொட் டெஸ்ட்டும்

மேசைக்கு மேசை நகர வேண்டும், மணி அடித்தால் அடுத்தது. இலை, கல், கருவி, நுணுக்குக்காட்டியில் ஒரு வில்லை என்று ஏதாவது இருக்கும். யோசிக்க நேரம் இல்லை. கண்டதும் பெயர் வர வேண்டும்.

வன்னிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முற்பணம் இருக்கிறது. தகப்பனோடு வயலில் களை பிடுங்கியவருக்குக் கோரையை யாரும் காட்டிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் தாளில் கேட்பது விஞ்ஞானப் பெயரை. சைப்பிரஸ் ரொட்டண்டஸ் என்பதை எழுத்துப் பிழையில்லாமல், முதற்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி, இரண்டாம் சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதி, கையால் எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு இட வேண்டும். செடியைச் சரியாக அடையாளம் கண்டும் இந்தச் சின்ன விஷயத்தில் புள்ளி போவது வேதனை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது வரம்பில் நடந்தபடி ஒவ்வொரு களைக்கும் பெயரைச் சொல்லிப் பாருங்கள். இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது.

கருவிகளைக் கையாளும் பரீட்சை என்றால், ஆய்வுகூட நேரத்தில் குழுவில் ஒருவர் செய்ய மற்றவர்கள் குறிப்பெடுக்கிற வழக்கத்தை விடுங்கள். ஒரு தடவையாவது உங்கள் கையால் அளவியை (பியூரெட்டை) நிரப்பியிருக்க வேண்டும்.

வைவா

எதிரில் இரண்டு, மூன்று விரிவுரையாளர்கள். நாங்கள் பெரியவர்கள் முன் பேசாமல் தலை குனிந்து நிற்பதை மரியாதை என்று பழகி வளர்ந்தவர்கள். வைவாவில் அந்த மௌனத்தைத் தெரியாமை என்று எடுத்துக்கொள்வார்கள். சத்தமாகப் பேசிப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை. அறைத் தோழரை விரிவுரையாளராக இருத்தி, உங்கள் ஆய்வறிக்கையிலிருந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது; பரவாயில்லை, மூன்றாம் நான்காம் தடவையில் வாக்கியம் திருந்திவிடும்.

கேள்வி விளங்காவிட்டால் "சேர், திரும்பக் கேட்க முடியுமா?" என்று கேட்கலாம், அதில் குற்றம் இல்லை. விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அதற்குப் பக்கத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள். கட்டிச் சொல்லும் விடையை அனுபவமுள்ளவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்; அடுத்த ஐந்து கேள்வியும் அதிலிருந்தே வரும்.

நேர அட்டவணையை வீட்டோடு சேர்த்துப் போடுங்கள்

புத்தகங்களில் இருக்கும் படிப்பு அட்டவணைகள் வயல் இல்லாத வீட்டுக்குப் போட்டவை. எங்களுக்குத் தை, மாசியில் காலபோக அறுவடை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை, மின்வெட்டு, சில வேளை வீதியே மூடிக்கிடக்கும். செமிஸ்டர் திகதி வந்தவுடன் இவற்றையும் அதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அறுவடைக் கிழமையில் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் கிழமைக்குக் கட்டுரை எழுதும் வேலையை வைக்காதீர்கள். பையில் போடக்கூடிய சிறு அட்டைகளில் கேள்வியை ஒரு பக்கமும் விடையை மறுபக்கமும் எழுதி எடுத்துப் போங்கள். பஸ்ஸில் போகும் நேரமும் பயன்படும். மழைக்காலத்தில் தொலைபேசியிலுள்ள பிடிஎஃபை நம்பி இருக்காதீர்கள், முக்கியமான பக்கங்களை முன்கூட்டியே அச்செடுங்கள்.

ஒரு பாடத்தை ஒரே நாளில் ஆறு மணித்தியாலம் படிப்பதைவிட, அன்றைக்கு ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை என்று பிரித்து, ஒவ்வொரு தடவையும் முதலில் பார்க்காமல் எழுதிப் பார்த்தால் குறைந்த நேரத்தில் நிறைய நிற்கும்.

பரீட்சைக்கு முதல் நாள் அனுமதி அட்டை, மாணவர் அடையாள அட்டை, இரண்டு பேனா, அனுமதிக்கப்பட்ட கல்குலேற்றர், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் பையில் வைத்துவிடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர் முதல் நாளே விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்க முடிந்தால் நல்லது.

உடம்பு உண்மையாகவே முடியாமல் போனால், எழுதி முடித்துவிடுவோம் என்று காய்ச்சலோடு போகாதீர்கள். பல பீடங்களில் மறுபரீட்சை எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். உரிய நாட்களுக்குள் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து அது ஏற்றுக்கொள்ளப்பட்டால், அடுத்த தடவை முதற்தடவையாகவே கணக்கிடும் வழி இருக்கிறது. அந்த நாட்கள் எத்தனை, எந்தக் கிளையில் கொடுக்க வேண்டும் என்பது மாணவர் கைநூலில் இருக்கும். சுகமாக இருக்கும்போதே அந்தப் பக்கத்தை வாசித்து, வீட்டில் அம்மாவுக்கோ அண்ணாவுக்கோ சொல்லி வையுங்கள். காய்ச்சலில் படுத்திருப்பவருக்காக ஓடித் திரியப்போவது அவர்கள்தான்.